அண்ணாச்சியின் பருப்புக்கீரை

“அது பருப்புக்கீரை இல்லை” என்று இன்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏரல் பேருந்தில் முன்சீட்டு அண்ணாச்சி, வரப்பில் பறித்த கீரையை மடியில் வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். தரையோடு படரும் சின்ன இலைச் செடி.

“படம் எடுத்துக் கேட்டா, பருப்புக்கீரைன்னு போனே சொல்லுது. வீட்டுக்காரி ஊருல இல்ல. பிள்ளைகளுக்கு இன்னைக்கு நாந்தான் கடையணும்” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. ஆனால் அது சிற்றம்மான் பச்சரிசி என்ற மருந்துச் செடி. பிள்ளைகள் சோற்றில் பிசைந்து தின்னும் கீரை அல்ல. ஒரு தண்டைக் கேட்டு வாங்கிக் கிள்ளினேன். வெள்ளையாகப் பால் கசிந்தது.

“பருப்புக்கீரையில பால் வருமா அண்ணாச்சி?”

அவர் செடியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீ எந்த ஊரு பிள்ள?”

பிறகு ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிப் பார்த்து, பால் வந்த முக்கால்வாசியை ஜன்னல் வழியாக வீசினார்.

ஏரலில் இறங்கியவர், கீரைக்கடையைத் தாண்டிப் போய்க் கத்தரிக்காய் வாங்கினார்.