உப்புக்குள் இருந்த தண்ணீர்

என் சமையலறையில் வெந்தயம் போட்டு வைத்திருக்கும் பழுப்புப் புட்டி, ஒரு காலத்தில் சோடியம் கார்பனேட் இருந்த புட்டி. ஆங்கில லேபிளுக்குக் கீழே கோணல் எழுத்தில் ஒரு சீட்டு: ‘இதுல தண்ணி கீது.’ வீட்டுக்கு வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

எழுபதுகளில், செங்கல்பட்டில் இப்போது இல்லாத ஒரு சிறு கல்லூரியில் நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். செய்முறைத் தேர்வுக்குச் சோடியம் கார்பனேட் உப்பில் இரண்டு சதவீதக் கரைசல் தயாரிப்பது என் பொறுப்பு. லிட்டருக்கு இருபது கிராம். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமை வேறு. அந்த வருடம் புதுப் புட்டி திறந்தோம். தேர்வில் அந்தக் கரைசலைச் சமன்செய்ய ஒருவருக்கும் வழக்கமான அமிலத்தில் பாதிகூடச் செலவாகவில்லை; கரைசலில் உப்பு குறைவு என்று அர்த்தம். துறைத்தலைவர் நேரே ஸ்டோர்க்காரரைப் பிடித்தார். நல்ல உப்பை வெளியே விற்றுவிட்டு மட்டமானதை நிரப்பிவிட்டார் என்று புகார் எழுதினார். அது கல்லூரி முதல்வரிடம் போனால் அவர் வேலை போய்விடும். சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஸ்டோர்க்காரர் சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். கெஞ்சவில்லை. புட்டியின் வாயைக் காட்டினார். கண்ணாடிபோல் இருந்த உப்புக் கற்கள் அங்கே மட்டும் வெளுத்து மாவாகியிருந்தன.

“காஞ்சிகினு கீது பாரு மிஸ். பச்சை மீனு ஒரு கூடை காயப்போட்டா கால் கூடை கருவாடுதான் நிக்கும். மிச்சத்த நானா தூக்கினு பூட்டேன்?”

அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. பத்து கிராம் நிறுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்கினேன். ஒரு சொட்டு நீர் விடவில்லை, ஆனாலும் உப்பு தானாகவே கரைந்து கொதித்தது. ஆவி அடங்கியதும் வெள்ளைப் பொருக்கு மிஞ்சியது. நிறுத்தால் நாலு கிராம்கூட இல்லை. எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. பிறகுதான் லேபிளைப் படித்தேன். பழைய புட்டியில் இருந்தது நீரற்ற உப்பு. இதில் பத்து மூலக்கூறு தண்ணீர் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. இருபது கிராமில் பாதிக்கு மேல் தண்ணீரை நிறுத்துப் போட்டவள் நான்.

கிண்ணத்தோடு தலைவரிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். அவர் புகாரைக் கிழித்துவிட்டு எனக்கு மெமோ எழுதினார்.

மறுநாள் ஸ்டோர்க்காரர் புட்டியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “அடுத்து வர்றவங்க இன்னொருத்தன மாட்டி வுடக் கூடாதுல்ல மிஸ்” என்றார், என்னைப் பார்க்காமலே.

இப்போதும் புட்டியைத் துடைக்கும்போது அந்தச் சீட்டின்மேல் ஈரத்துணி படாமல் பார்த்துக்கொள்கிறேன்.