படத்தின் பின்பக்கம்

தீவு நகரத்தின் டெலானிபூர் மேட்டிலிருக்கும் மானிடவியல் கழகம் ஒன்றில் செல்லம் இருபத்தாறு வருடமாகத் தினக்கூலி. ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கிய ஐயாவுவின் மகள். தூசி தட்டுவது, பூஞ்சை துடைப்பது, அட்டை எழுதுவது, சாய் போடுவது எல்லாம் அவள்தான். அலமாரியில் தலையை அளக்கும் இடுக்கி ஒன்று உண்டு. அந்தக் காலத்துத் துரைமார் தீவின் ஆட்களை வரிசையில் நிறுத்தி, மண்டையை அளந்து, யார் எவ்வளவு மட்டம் என்று முடிவு கட்டினார்களாம். துரைமார் மண்டையை மட்டும் யாரும் அளக்கவில்லை.

பழைய படங்களும் உண்டு. ஆண்கள் படத்துக்குக் கீழே பேராவது இருக்கும். பெண்கள் என்றால், ‘பெண், வயது சுமார் இருபது, மாதிரி எண் 14’. போன மழைக்காலத்தில் பூஞ்சை துடைக்கத் திருப்பியபோது, பின்பக்கம் பென்சிலில் மங்கலாகப் பெயர்கள் தெரிந்தன. எத்தனையோ முனைவர்கள் முன்பக்கத்தையே பார்த்துப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். பத்தாவது படித்த செல்லம், பூதக்கண்ணாடி வைத்து நாற்பத்தொரு பெண்களின் பெயரை எழுதியெடுத்தாள்.

பட்டியலைப் பார்த்த இயக்குநர் ரவிச்சந்திரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘நம் துறையின் இனவெறியும் ஆணாதிக்கமும்: ஒரு மன்னிப்பு’ என்று உடனே ஒரு கருத்தரங்கு போட்டார். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து ஆறு பேராசிரியர்கள் விமானமேறி மன்னிப்புக் கேட்க வந்தார்கள். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களில் ஒருவரையும் அழைக்கவில்லை.

செல்லத்துக்கு ஒரே ஆசைதான். கருத்தரங்கோடு திறக்கும் படக் கண்காட்சியின் பலகையில் தன் பெயரும் வர வேண்டும்.

“பேர் போடுவீங்கல்ல சார்?”

“பக்கா. இப்போ ஏழு சாய் கொண்டா, ஜல்தி.”

மேடையில் ஒருவர் கண்கலங்கினார். பெயரில்லாமல் போன பெண்களுக்காக ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த செல்லம் சாய் தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு பலகையைத் திறந்தார்கள். ‘பெயர்களைக் கண்டுபிடித்தவர்: முனைவர் ரவிச்சந்திரன்.’ குழுப்படம் எடுத்தபோதும் அவள் தட்டோடு வலது ஓரத்தில் நின்றாள்.

மறுவாரம் கருத்தரங்கின் குழுப்படம் காப்பகத்தில் சேர்க்க அவளிடம் வந்தது. கூடவே ஒரு சீட்டு: ஏழு ஆண்களின் பெயர், பட்டங்களோடு, கடைசியில், ‘தட்டுடன் உள்ளூர்ப் பெண்’. செல்லம் சீட்டை மடித்துக் குப்பையில் போட்டாள். பழைய அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே முறையில், அழியாத மையில் புது அட்டை எழுதினாள்:

‘ஆண்கள், ஏழு பேர், நடுவயது. மெயின்லேண்ட் வகை. பெயர் தெரியவில்லை. தலை அளக்கப்படவில்லை. வலது ஓரம் நிற்பவர்: ஐ. செல்லம், நாற்பத்தொரு பெயர்களைக் கண்டுபிடித்தவர்.’