மறிக்கிறது நான் இல்லை

ஆஸ்பத்திரியில் ஆளை மறிக்கிறது டொக்டர். ஏச்சு வாங்குகிறது அனுமதி மேசையில் இருக்கிற நான். நோயாளியை வாட்டில் சேர்ப்பதை எங்கள் பக்கத்தில் ‘மறிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள், ஏதோ தெருவில் சும்மா போன ஆளை நாங்கள் கை காட்டி நிற்பாட்டியது போல. குடாநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த மேசையில் இருந்தே எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

நடைமுறை சின்னது. முதலில் வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் பார்ப்பார். மறிக்க வேண்டுமென்றால் எழுதித் தருவார். அதைக் கொண்டுவந்தால் நான் பேர், வயது, விலாசம் பதிந்து எந்த வாட்டு என்று சொல்லி அனுப்புவேன். ஆள் மோசமென்றால் நேரே அவசரப் பிரிவு, பதிவெல்லாம் பிறகு. இவ்வளவுதான். வங்கியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற என் சகபாடிகளே, இந்த ‘இவ்வளவுதான்’ படுகிற பாடு உங்களுக்கு விளங்கும்.

தலையணையோடு வந்தவர்

கரவெட்டிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். தலையணை, போர்வை, சுடுதண்ணிப் போத்தல், அன்றைய பேப்பர் எல்லாம் கையோடு. டொக்டரிடம் இன்னும் காட்டவில்லை. காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். திரும்பி வந்தார். வெறும் சளித் தடிமன், வீட்டில் படுத்தெழும்பினால் போதும் என்று டொக்டர் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஆள் போகவில்லை. யன்னலோரக் கட்டில்தான் வேண்டுமென்று தொடங்கியவர், எந்த மூலையென்றாலும் பரவாயில்லை என்று இறங்கி வந்தார். டொக்டரின் எழுத்து இல்லாமல் ஏலாது ஐயா, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். பின்னால் நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கனடாவிலை இருக்கிற மகளுக்கு என்னை மறிச்சுப்போட்டினம் எண்டு நேற்றுச் சொல்லிப்போட்டன் பிள்ளை. அவள் பிளேன் ஏறியிட்டாள்.”

காணாமல் போன கட்டில்காரர்

டெங்கு என்று சந்தேகப்பட்டு தோட்டம் செய்கிற ஒருவரை மறித்திருந்தார்கள். மத்தியானம் கட்டில் வெறுமை. தாதி தேட, சிற்றூழியர் தேட, ‘வெளியே விட்டது ஆர்’ என்று கடைசியில் என் மேசைக்கு விசாரணை வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலையில்லை என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது? பின்நேரம் மனுசன் முழங்கால்வரை சேறோடு நடந்து வந்து தன் கட்டிலைக் கேட்டார். உடம்பு கொதித்தது. இரத்தக்கசிவு வந்து வழியில் விழுந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று தாதி ஏசினார். அவர் சேற்றுக் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“என்னைத் தேட இவ்வளவு பேர் நிக்கிறியள். என்ரை வெங்காயத்துக்கு வாய்க்காலிலை தண்ணி மாற ஒருத்தரும் இல்லை.”

மாமாவின் பேர்

நெல்லியடியில் கடை வைத்திருக்கிற ஒருவர் தன் மாமனாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். கிழவர் காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தார். பேர் கேட்டேன். சின்னராசா. அடையாள அட்டை வீட்டில். முன்பு ஏதோ ஊசி ஒத்துவராமல் இதே ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பிய ஆளாம். என்ன ஊசி என்று மருமகனுக்குத் தெரியாது. பழைய பதிவைப் பார்க்காமல் மருந்து ஏற்ற டொக்டருக்குப் பயம். நானோ சின்னராசா என்று தேடித் தேடிக் களைத்துப்போனேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

வீட்டுப் பேரைச் சொல்கிறீர்களா, பதிவுப் பேரைச் சொல்கிறீர்களா என்று நான் குரலை உயர்த்தியதில் கிழவருக்கு முழிப்பு வந்துவிட்டது. தகப்பன் பேரோடு சேர்த்து, கந்தையா விசுவலிங்கம் என்று தெளிவாகச் சொன்னார். பதிவு உடனே கிடைத்தது. ஒத்துவராத ஊசியின் பேரும் அதில் இருந்தது. மருமகன் வாயைப் பிளந்தபடி நின்றார்.

“எங்கடை கலியாணக் கார்ட்டிலை உந்தப் பேர் கிடந்தது. நான் அச்சுப்பிழை எண்டெல்லோ நினைச்சன்.”

வரிசையில் நின்ற அம்மா

இது சிரிக்கிற கதையில்லை. கணவருக்குச் சீனி வருத்தம், காலில் புண். மறிக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருந்தார். அவர் சுவரோர வாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். மனைவி அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். என் முன்னால் வந்து விலாசத்தைச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். ஃபானுக்கு நேர் கீழே நின்றும் முகம் முழுக்க வேர்வை. இடது கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். நோகிறதா என்று கேட்டேன். காலையில் இருந்து வாய்வுக் குத்தாம், முதலில் அவரைப் பதியட்டுமாம்.

நான் எழும்பிப் போய்த் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தேன். அந்த அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதில் இருக்க மாட்டேன் என்றார். நான் தேத்தண்ணி குடிக்கப் போவதாக வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். அவசரப் பிரிவில் ஈசீஜி எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது, மாரடைப்பு. அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். கணவர் நொண்டி நொண்டி வந்து, இனித் தனக்கு ஆர் சாப்பாடு கொண்டுவருவது என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தைப் பேனையில் காட்டினேன். அவரையும் பதிந்து வாட்டுக்கு அனுப்பினேன்.

அந்த அம்மா தப்பிவிட்டார். பிறகொரு நாள் கணவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரைக் கண்டு ஓடிப் போய், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. இவர்தான் அந்தக் கிழமை முழுக்கச் சரியான சாப்பாடில்லாமல் மெலிஞ்சு போனார்.”

நோய் வருத்தம் ஆருக்கு, எப்போது, எந்த வழியால் வருமென்று ஒருவருக்கும் தெரியாத இந்த ஊரில், அது வரிசையில் வருமென்று இன்னமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள் நான்தான்.