அண்ணியும் நாற்பது நொடியும்

“ஏம்மா, உன் மென்பொருள் தூங்குதா?” என்று கேட்டார் ரத்த வங்கியின் தலைமை ஆய்வாளர். அண்ணி சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து வைத்திருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“இல்லையே மேடம். என்னாச்சு?”

“ஓ நெகட்டிவ் யார் யாருக்குன்னு தேடினா நாப்பது நொடி சுத்துது. அதுக்குள்ள எங்க நர்ஸ் பழைய நோட்டைப் புரட்டியே கண்டுபிடிச்சுடறா.”

“என் வீட்ல உடனே வருதே மேடம்.”

“உன் வீட்டு வாசல்ல ரத்தம் கேட்டு யாரும் நிக்கலையேம்மா. பெரிய கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. பத்து நாள் தரேன். அஞ்சு நொடிக்குள்ள வரலைன்னா மாத்திடுவேன். கோவிச்சுக்காதே.”

“கோவமெல்லாம் இல்ல. பத்து நாள் போதும் மேடம்.”

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “போதாதுடி” என்றாள்.

அண்ணி கல்லூரியில் படித்தது தாவரவியல். ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் பதிவேடு எழுதப் போனவள், அங்கே சும்மா கிடந்த கணினியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அந்த ரத்த வங்கி அவளுக்கு முதல் வாடிக்கையாளர். அப்போதைக்கு ஒரே வாடிக்கையாளரும் அதுதான்.

வீட்டில் அவள் சோதித்துப் பார்த்தது இருநூறு கொடையாளர்களை வைத்து. எல்லாம் எங்கள் உறவினர் பெயர்கள். அந்தக் கற்பனைப் பட்டியலில் என் மாமா மட்டும் பதினொரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். ரத்த வங்கியிலோ எண்பதாயிரம் பேர்.

மென்பொருளுக்கும், கொடையாளர் விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் ஓர் இணைப்பு இருக்கும். எந்தத் தரவுத்தளத்தோடும் பேசக்கூடிய பொது இணைப்பு ஒரு வகை. ஒன்றே ஒன்றுக்கென்று செய்த நேரடி இணைப்பு இன்னொரு வகை. நாளைக்கு இன்னொரு மருத்துவமனை வேறு தரவுத்தளம் வைத்திருந்தால் என்ன செய்வது என்று அண்ணி முதல் வகையை எடுத்திருந்தாள்.

“எல்லாருக்கும் பொருந்தற சட்டை ஒருத்தருக்கும் பொருந்தாது” என்றான் அண்ணன்.

“நீங்க முதல்ல உங்க சட்டைக்குப் பட்டன் தைங்க.”

சொன்னாளே தவிர, அன்றே எண்பதாயிரம் பொய்க் கொடையாளர்களை உருவாக்கினாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். பொது இணைப்பில் நாற்பத்தொன்று. அது எண்பதாயிரம் பேரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்த பிறகுதான் தேடவே தொடங்கியது.

“ஒரு தம்ளர் தண்ணிக்குக் கிணத்தையே தூக்கிட்டு வருது பாரு.”

அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் பத்தொன்பதுக்கு இறங்கியது. அதற்குக் கீழே வர மறுத்தது. நேரடி இணைப்பில் இரண்டே நொடி. ஆனால் அண்ணி சிரிக்கவில்லை.

“இதுல கட்டிட்டா வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது.”

“வேற ஆஸ்பத்திரி கேட்டிருக்கா?” என்றேன்.

“இல்ல. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவ வானம் ஏறி வைகுண்டம் போனாளாம்.”

அதற்காக வைகுண்டத்தை அவள் விட்டுவிடவும் இல்லை. மென்பொருளின் அறுபத்து மூன்று திரைகளில் சிதறிக் கிடந்த தேடல்களையெல்லாம் ஆறு நாளில் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தாள். இனி தரவுத்தளம் மாறினாலும் அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். அதன் பிறகே நேரடி இணைப்பைப் பொருத்தினாள். ஒன்பதாம் நாள் போய் நிறுவிவிட்டு வந்தாள். இன்றும் ரத்த வங்கியில் அதுதான் ஓடுகிறது. அந்த ஒரு கோப்பை மாற்றி எழுதி, இன்னும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் அப்போது, நிறுவிய பின் நான்கு நாள் ரத்த வங்கியிலிருந்து ஒரு போனும் வரவில்லை. வேலை செய்வதால் கூப்பிடவில்லையா, வெறுத்துப்போய்ப் பழைய நோட்டுக்கே திரும்பிவிட்டார்களா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலை, நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் போய்க் கேட்டா முகத்துக்காக நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. உன்னை அங்க யாருக்கும் தெரியாது, நீயும் வாயத் திறக்க மாட்டே. போய் ஒரு மணி நேரம் நர்ஸோட மேசைக்கு எதிர்ல இருக்கற பெஞ்சுல உக்காந்திரு. யாராவது ரத்தம் கேட்டு வந்தா நர்ஸோட கை நோட்டுக்குப் போகுதா, கீபோர்டுக்குப் போகுதான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு.”