புருஷன் செத்ததற்குப் பதினெட்டு வரை

இடது கால்

வசனம் எடுத்துக் கொடுக்கிற ப்ராம்ப்டர் என்பவன் படத்தில் தெரியக் கூடாது. என்னுடைய இடது கால் தெரிந்துவிட்டது. அபிராமபுரத்தில் ஒரு பழைய பங்களா. ஹால் சோபாவில் மும்பையிலிருந்து வந்த கதாநாயகி. சோபாவுக்குப் பின்னால் வசனப் பேப்பரோடு குப்புறப் படுத்திருந்த நான். ஏழாவது டேக்கில் கால் மரத்துப் போய், கொஞ்சம் நீட்டினேன். டைரக்டர் "கட்" சொல்லிவிட்டு, "அந்தக் கால் யாருது?" என்று கேட்டார். கால் மட்டும் மெதுவாக உள்ளே போனது.

அடுத்தவர் பேச வேண்டியதை நீங்கள் முணுமுணுத்து, அடுத்தவர் வாங்க வேண்டிய திட்டையும் நீங்களே வாங்குகிற வேலையில் இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான். என் கஷ்டம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு லைட்மேன் அண்ணனிடமிருந்து வந்தது: "நைனா, ஹீரோவைவிட உன் காலு நல்லா ஆக்ட் குடுத்துக்கினு கீது."

மூட்டை இந்தி

ப்ளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. மறுபடி எழுது என்றார்கள். அதே மூன்று மணி நேரத்தை இன்னொரு தடவை உட்கார்ந்து கழிக்க எனக்குப் பொறுமை இல்லை. தி. நகரில் ஒரு ஜவுளி குடோனில் மூட்டை தூக்கப் போனேன். அங்கே பத்துப் பேரில் எட்டுப் பேர் பீகார் அண்ணன்கள். ஒரு வருஷத்தில் இந்தி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷத்தில் இங்கிலீஷ் வரவில்லை, அதை யாரிடம் போய்க் கேட்பது?

படத்துக்குப் புடவை எடுக்க வந்த கோ-டைரக்டர் செல்வம், நான் இந்தியில் சண்டை போடுவதைப் பார்த்து என்னைக் கூட்டிப் போனார். சண்டை போடத் தெரிந்தவனுக்கு வசனம் சொல்லத் தெரியாதா என்று நினைத்திருப்பார். வேலை இதுதான்: தமிழ் வசனத்துக்குக் கதாநாயகி மேடத்திடம் இந்தியில் அர்த்தம் சொல்ல வேண்டும். ஷாட்டில் எங்கேயாவது ஒளிந்துகொண்டு வரி வரியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை அவர் திருப்பிச் சொல்வார்.

முதல் நாள் மேடத்துக்குப் பின்னால் கேமரா ட்ராலி வந்துகொண்டிருந்தது. இடித்துவிடப் போகிறதே என்று, எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். மேடம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசியதெல்லாம் இந்தி, நான் தமிழில் தருகிறேன்: "பதினாலு வருஷமா நடிக்கிறேன், தம்பி. 'ஒதுங்கித் தொலை, மூட்டை வருது'ன்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்டச் சொன்னதில்லை."

ஒன் டூ த்ரீ

மேடத்தின் பதினாலு வருஷத்தை அவரே ஒரு மதிய இடைவேளையில், தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தேடிக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வயதில் பற்பசை விளம்பரம். அதிலிருந்து இந்திப் படம். முதல் படத்தில் இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிற தங்கை. அடுத்த நாலு படம் கதாநாயகி. ஆனால் அவருக்குக் கட்டைக் குரல், கதாநாயகிக்கு ஒத்து வராது என்று வேறு ஒருத்தரைப் பேச வைத்துவிட்டார்கள். பிறகு இரண்டு படத்தில் சொந்தக் குரல். இரண்டும் ஓடவில்லை. குரல்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியதும் இந்தியில் படம் வருவது நின்றது, தெற்கே வந்தார்.

தமிழில் நாலு படம். நாலிலும் ஒரு வரி வசனம் பேசியதில்லை. "நம்பர் சொல்லுங்க மேடம், உதடு அசைஞ்சா போதும்" என்பார்களாம். எப்படியும் வேறு குரல்தானே போடப் போகிறார்கள். அதனால் இந்தப் படத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: வசனத்தை நிஜமாகப் பேசுவேன், டப்பிங்கும் நானே பேசுவேன். டைரக்டர் "பார்க்கலாம்" என்றிருந்தார். நம்ம ஊர் "பார்க்கலாம்" என்றால் என்ன என்று மேடத்துக்கு நான் விளக்கவில்லை. நான் ஒன்றும் அவ்வளவு கெட்டவன் இல்லை.

ஊறுகாய் கிடைத்தது. மூடியைத் திறந்துகொண்டே சொன்னார்: "காதலைச் சொன்னது ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும். புருஷன் செத்ததுக்குப் பதினெட்டு வரைக்கும் அழுதேன். தியேட்டர்ல எல்லாரும் அழுதாங்களாம்."

சைதாப்பேட்டை ராகம்

மேடத்திடம் ஒரு கோளாறு. நான் கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொள்வார். அப்படியே என்றால் அப்படியே. வரிக்கு நடுவில் நான் மூக்கைச் சொறிந்தால் அவரும் சொறிவார். ஒரு நாள் கொசு கடித்து நான் கழுத்தில் அறைந்துகொண்டேன். தம்பியோடு சமாதானமாகிற காட்சியில் அவரும் அறைந்துகொண்டார். டைரக்டர் அதை நல்ல நடிப்பு என்று நினைத்து ஓகே பண்ணிவிட்டார்.

படத்தில் அவருக்கு மயிலாப்பூர் மாடவீதிப் பெண் வேஷம். வசனம் பேப்பரில் சரியாகத்தான் இருந்தது. ராகம் என்னுடையது. நான் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் வளர்ந்தவன். எனக்கு சாதாரணமாகப் பேசினாலே பேரம் பேசுகிற மாதிரிதான் வரும், கடைசியில் தாடையை ஒரு தூக்கு தூக்குவேன். மேடமும் பட்டுப் புடவையும் வைரத் தோடுமாகத் தாடையைத் தூக்கினார்.

பங்களா சொந்தக்காரர் ஒரு மாமி, தனியாக இருப்பவர். ஷூட்டிங் முழுக்கச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், சுவரில் எவனாவது ஆணி அடிக்கிறானா என்று காவல். டைரக்டர் அவரிடம் பெருமையாக, "எப்படி மாமி, எங்க ஹீரோயின் தமிழ்?" என்று கேட்டார். மாமி யோசிக்கவே இல்லை. "தமிழுக்கு ஒரு கொறையும் இல்லை. ஆனா எங்காத்துப் பொண்ணு பேசறாப்ல இல்லை. எங்காத்துக் கார் ஓட்டற முருகன் புடவை கட்டிண்டு வந்து பேசறாப்ல இருக்கு."

மாமி சொன்ன ஒரு வரி

எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டர் சிரித்துவிட்டு செல்வம் அண்ணனைக் கூப்பிட்டு, டப்பிங்குக்கு ஒரு பெண்ணின் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மேடத்துக்குத் தமிழ் புரியாது என்று தைரியம். எனக்குப் புரியுமே. நேரே போய் மேடத்திடம் சொல்லிவிட்டேன்: உங்கள் குரல் போகப் போகிறது, காரணம் என் வாய். அவர் என் வாயையே பார்த்தார். பிறகு, "இந்தத் தடவை என் குரல்மேல தப்பு இல்லையா? அப்ப நல்ல செய்திதான்" என்றார்.

கடைசிக் காட்சிக்கு நாலு நாள் இருந்தது. தம்பிகள் வீட்டை விற்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள், அக்கா மறுக்கிறாள், ஒன்றரைப் பக்க வசனம். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். இதைப் படியுங்கள், போனில் பதிவு பண்ணிக்கொள்கிறேன் என்றேன். மாமி முதலில் வசனத்தைத் திருத்தினார். "தம்பிகிட்டப் போய் யாராவது 'உங்கள் கோரிக்கை'ம்பாளா? ஆபீஸா இது?" பீன்ஸ் நறுக்கிக்கொண்டே படித்தார். "இந்த ஆத்தை விக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்ற இடம் வந்ததும் கத்தி நின்றது. கத்தவில்லை, இழுக்கவில்லை. பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னார். மாமிக்கு அமெரிக்காவில் இரண்டு பிள்ளைகள், மாதம் ஒரு தடவை, வீட்டை விலைக்குக் கேட்கும் பில்டரோடு வீடியோ காலில் வருவார்கள் என்று முருகன் அண்ணன் எனக்குப் பிறகுதான் சொன்னார்.

மேடம் அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, நாலு நாளும் அடையாறு ஹோட்டல் மாடியில் நடந்தார். பதிவில் அந்தக் கையெழுத்து வரி மட்டும் முடிவில் தெளிவாக இல்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று மாமியிடம் கேட்டேன். "போடா. அது ஒரு தடவைதான் வரும்."

நாற்பத்தைந்து

கடைசி நாள். பங்களாவை ஆறு மணிக்குக் காலி பண்ண வேண்டும், ஹீரோவுக்கு விமானம். மணி ஐந்து இருபது. ஒன்றரைப் பக்கமும் ஒரே ஷாட். டைரக்டர் செல்வம் அண்ணனிடம் ஏதோ சொன்னார், அண்ணன் என்னிடம் ஓடி வந்தார். "டேய் தீனா, வசனம் வேணாம். மேடத்தை நம்பர் சொல்லச் சொல்லு. நாப்பத்தஞ்சு வரைக்கும் நீ சத்தமா எண்ணு, அவங்க திருப்பிச் சொல்லட்டும். எப்படியும் வேற குரல்தான். ஒரே டேக்ல முடிச்சிரணும். சொதப்பினா நாளைக்கு நீ வர வேணாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, மேடத்திடம் நம்பர் விஷயத்தைச் சொல்லாமலே டைனிங் டேபிளுக்கு அடியில் புகுந்தேன். காலை மடக்கிக்கொண்டேன். அங்கேயிருந்து மேடத்தின் முகம் தெரிந்தது, அவருக்குப் பின்னால் சமையலறை வாசலில் மாமியும் தெரிந்தார். "ஆக்‌ஷன்" வந்தது. மேடம் என் வாயைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நம்பரும் கொடுக்கவில்லை, வரியும் கொடுக்கவில்லை. நான் எதைக் கொடுத்தாலும் அதில் சைதாப்பேட்டை வந்துவிடும்.

ஒரு விநாடி, இரண்டு விநாடி. செல்வம் அண்ணன் கையை விரித்து 'எண்ணுடா' என்று ஜாடை காட்டினார். மேடம் ஆரம்பித்தார். அந்தக் கட்டைக் குரலில், அவசரமே இல்லாமல், ஒன்றரைப் பக்கமும். கையெழுத்து வரி வந்தபோது தாடை அசையவே இல்லை. மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கட்" சொல்ல டைரக்டர் மறந்துவிட்டார், லைட்மேன் அண்ணன்தான் இருமினார். டைரக்டர் ஹெட்போனை வாங்கி ஒரு தடவை கேட்டார். மறுபடி கேட்டார். செல்வம் அண்ணன் கையிலிருந்த தாளை வாங்கி, டப்பிங்குக்கு எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு, வண்டியில் ஏறினார். மேடம் டேபிளுக்கு அடியில் குனிந்து, "நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்று இந்தியில் கேட்டார். அதற்குள் செல்வம் அண்ணன் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "உன்னை என்னடா பண்ணச் சொன்னேன்?"

நாற்பத்தைந்து வரைக்கும் எண்ணச் சொன்னார், கணக்கில் ஃபெயிலானவனிடம் போய்; எண்ணவில்லை.