எட்டாவது நாற்காலி

தாய்லாந்தின் சோங்க்ரான் புத்தாண்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, சந்து முனைக் கஞ்சிக் கடையில் வைத்து ப்ரெபெனுக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தது. சொன்னவன் சாக். அதே முனையில் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். பல்லைக் குத்திக்கொண்டே போகிற போக்கில் சொன்னான்.

"இந்த வருஷம் எட்டு நாற்காலி போடறாங்க அண்ணே. ரூடி தாத்தாவுக்கு ஒண்ணு."

ப்ரெபென் கரண்டியைக் கஞ்சியிலேயே விட்டுவிட்டார். "யாருக்கு?"

"ரூடி தாத்தாவுக்கு. வெள்ளத் தாடி வச்சிருக்காரே."

"தாடியெல்லாம் எனக்கும் தெரியும்டா."

அதற்குமேல் அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. சா-அம் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிற எங்கள் சந்தில், புத்தாண்டன்று பெரியவர்களை வரிசையாக உட்காரவைப்போம். இளையவர்கள் ஒவ்வொருவராக அவர்கள் முன் மண்டி போட்டு, மல்லிகை மிதக்கிற வாசனைத் தண்ணீரை அவர்கள் உள்ளங்கையில் ஊற்றி ஆசி வாங்குவார்கள். நாற்காலி என்றால் தங்கத்தில் செய்தது ஒன்றுமில்லை, சிவப்பு பிளாஸ்டிக்தான். ஆனால் அதில் உட்காருகிறவர் இந்தச் சந்துக்காரர், அவ்வளவுதான் கணக்கு. ப்ரெபென் பதினோரு வருடமாக இங்கே இருக்கிறார். பதினோரு வருடமும் கிண்ணத்தோடு வரிசையில் நின்று மண்டி போட்டிருக்கிறார். ரூடி வந்து பதினாலு மாதம் ஆகிறது.

ப்ரெபென் டென்மார்க்காரர். அங்கே எஸ்பியர் என்ற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி பிரிந்து போய், மகளும் தன் குடும்பம் என்று ஆன பிறகு கடையை விற்றுவிட்டு வெயிலுக்காக இங்கே வந்தார். கஞ்சிக் கடைக்காரி சோம்ஜித்தின் பின்கட்டு வீடுதான் அவருக்கு வாடகைக்குக் கிடைத்தது. வந்த அன்றைக்கே சோம்ஜித், "வாங்க பெரியப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். மனிதருக்குச் சுருக்கென்றது. அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு, தலைக்குச் சாயம் பூசி வந்திருந்தார். இரண்டு நாள் அகராதியைப் புரட்டி வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போய்ச் சொன்னார். "பெரியப்பா வேண்டாம். அண்ணன்னு கூப்பிடு." சோம்ஜித் சிரித்துவிட்டு, "சரிங்க அண்ணே" என்றாள். அன்றிலிருந்து சந்து முழுக்க அவர் அண்ணன்தான். சாக்கின் எட்டு வயது மகள்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு நாலு அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கும். சாயமும் இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு முறை தவறியதில்லை.

ரூடி கதை வேறு. சுவிட்சர்லாந்தில் டிராம் ஓட்டியவர். தாடி முழுக்க வெளுப்பு, தொப்பை, இடுப்பில் எந்நேரமும் நம் ஊர்க் கட்டம்போட்ட துண்டு. வந்த முதல் வாரமே சாக்கின் மகள் "தாத்தா" என்று கூப்பிட, அந்த மனிதர் சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றிருக்கிறார். முடிந்தது. அவர் தாத்தா ஆகிவிட்டார்.

ப்ரெபெனுக்கு எரிந்தது இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, பல இருந்தன. ப்ரெபென் ஐந்து வருடம் வகுப்புக்குப் போய் நம் மொழியைப் படித்தவர். செய்தித்தாள் படிப்பார். சாக்கின் உச்சரிப்பையே ஒரு தடவை திருத்தியிருக்கிறார். ரூடிக்கு நூறு வார்த்தை தெரியும், நூறும் கோணல். அவர் வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். சந்து நாய்க்கு ஊசி போட்டது, கோழி வாங்கிப் போட்டது எல்லாம் ப்ரெபென். அது போய்ப் படுப்பது ரூடி வீட்டு வாசலில். இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒருநாள் காலையில் ரூடி கடையின் அடுப்படிக்குள்ளேயே நின்று, தன் கஞ்சிக்குத் தானே முட்டை உடைத்து ஊற்றிக்கொண்டிருந்ததை ப்ரெபென் பார்த்தார். பதினோரு வருடத்தில் அந்த அடுப்படி வாசல்படியை அவர் மிதித்ததில்லை, வா என்று யாரும் சொன்னதும் இல்லை. அன்று முழுக்க அவர் காதில் புகை வராத குறைதான்.

சாக் சொன்ன அன்று மாலையே, ஏணி கேட்பதுபோல் ப்ரெபென் ரூடி வீட்டுக்குப் போனார். ரூடி வாசலில் உட்கார்ந்து யார் வீட்டுச் சைக்கிளுக்கோ சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"நாற்காலி போடறாங்களாமே. கேள்விப்பட்டேன்" என்றார் ப்ரெபென்.

"ஆமா, எனக்கே வெக்கமா இருக்கு. வேணாம்னு சொன்னா கோச்சுப்பாங்களோன்னு ஒத்துக்கிட்டேன்."

"உங்களுக்கு என்ன வயசு ஆகுது?"

"அறுபத்தாறு. உங்களுக்கு?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, ஏணியை வாங்காமலே வந்துவிட்டார். அவருக்கு எழுபத்து மூன்று. ஏழு வயது சின்னவன் முன்னால் மண்டி போட வேண்டும் என்பதை நினைத்தபோது அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் காலை சோம்ஜித் கிண்ணங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

"ஜித், ரூடிக்கு ஆசி சொல்லத் தெரியாதே. உங்க அப்பா பக்கத்துல உக்காந்து ஏதாவது ஏடாகூடமா சொல்லி வச்சா நல்லாவா இருக்கும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சோம்ஜித் நிமிர்ந்து பார்த்தாள். "அட, ஆமால்ல. அப்போ நீங்களே சொல்லிக் குடுத்துடுங்கண்ணே. இந்தச் சந்துல உங்களவிட யாரு சுத்தமா பேசறா?"

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

புத்தாண்டில் பெரியவர்கள் சொல்லும் ஆசி நாலு வார்த்தை. ஆயுள், மேனி நிறம், சுகம், பலம். விகாரையில் பிக்குகள் ஓதி ஓதி எங்கள் குழந்தைகளுக்கே தூக்கத்தில் வரும். ப்ரெபென் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். ரூடி முன்னால் உட்கார்ந்து முதல் வார்த்தையைச் சொன்னார், இரண்டாவதைச் சொன்னார், மூன்றாவதைச் சொன்னார். நாலாவது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார் ரூடி.

"அவ்வளவுதான்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்குக் குஷியாக இருந்தது. எல்லோரும் நாலாவதுக்காகக் காத்திருப்பார்கள், அது வராது, யாராவது ஒருத்தர் களுக்கென்று சிரிப்பார், பிறகு பந்தல் முழுக்கச் சிரிக்கும். இதை நினைத்து நினைத்துப் பார்த்து அன்று இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார்.

புத்தாண்டன்று காலை பத்து மணிக்குப் பந்தலில் எட்டு நாற்காலியும் நிறைந்துவிட்டன. வயதுப்படிதான் வரிசை. முதலில் சோம்ஜித்தின் அப்பா புன்மா. எண்பத்தாறு வயது, ஒரு காலத்தில் மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், இப்போது கத்திச் சொன்னால்தான் காது கேட்கும். கடைசியில் ரூடி, பூப்போட்ட சட்டையும் தோளில் துண்டுமாக. ப்ரெபென் கிண்ணத்தோடு சாக்குக்குப் பின்னால் நின்றார். அவர் கண் எட்டாவது நாற்காலியை விட்டு நகரவில்லை.

ரூடி மூன்று வார்த்தைதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கை கூப்பி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சாக்கின் மனைவி, "அவங்க ஊர்ல மூணு போல" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள், அவளும் தலையாட்டினாள். இதே மூன்றைத் தான் சொல்லியிருந்தால் விடுவார்களா என்று ப்ரெபெனுக்குப் பொருமலாக இருந்தது.

அவர் முறை வந்தது. மண்டி போட்டார். ரூடியின் கையில் தண்ணீர் ஊற்றினார். ரூடி அந்த ஈரக் கையை அவர் தலையில் வைத்து, மிகுந்த பக்தியோடு, "ஆயுள், நிறம், சுகம்" என்றார்.

ப்ரெபென் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. வலது முட்டி பிடித்துக்கொண்டது. இன்னொரு தரம் முயன்றார், கிண்ணம் கை நழுவி உருண்டது. சாக் ஒரு பக்கமும் சோம்ஜித் ஒரு பக்கமும் கைகொடுத்துத் தூக்கினார்கள். தூக்கும்போது சோம்ஜித் அவர் காதோரம் சொன்னாள்.

"எழுபத்து மூணு வயசுல எதுக்கு இந்த மண்டி போடற வேல உங்களுக்கு?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் உங்க பாஸ்போர்ட்ட நகல் எடுத்து விசா ஆபீஸுக்குக் கொண்டுபோறது யாரு? நான்தானே."

"தெரிஞ்சுமா என்ன இந்த வரிசையில நிக்க வச்சே?"

"நீங்கதானே வந்த புதுசுலயே அண்ணன்னு கூப்பிடச் சொன்னீங்க. வாயத் தொறந்து கேட்டத நாங்க குடுத்தோம். உங்களுக்கு எழுபது ஆனதுலேர்ந்து மூணு வருஷமா எனக்கும் மனசு கேக்கல. நாற்காலி போட்டா, என்னக் கிழவனாக்கிட்டியான்னு மூஞ்சியத் தூக்கி வச்சுப்பீங்களோன்னு பயம்."

ப்ரெபென் குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். இவ்வளவு நாள் யாரோ தனக்கு எதிராகக் கதவைச் சாத்தி வைத்திருப்பதாக அல்லவா நினைத்திருந்தார்.

முதல் நாற்காலியிலிருந்து புன்மா கத்தினார். "என்ன ஆச்சு? விழுந்துட்டானா? என்ன வயசு அவனுக்கு?"

சோம்ஜித் ப்ரெபெனைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

"எழுபத்து மூணு" என்றார் ப்ரெபென், வாய்க்குள்.

"என்னது?"

"எழுபத்து மூணு."

"இவன் என்ன முனகறான்? சத்தமாச் சொல்லுப்பா."

"எழுபத்து மூணு வயசுங்க எனக்கு."

இந்த முறை தெருவில் தண்ணீர்த் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள். ப்ரெபெனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. சாக் விரல் விட்டு எண்ணினான். "முப்பது வயசு பெரியவரயா நான் அண்ணேன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்?"

"நீ கூப்பிட்டது நல்லாத்தான் இருந்துச்சு சாக்" என்றார் ப்ரெபென்.

புன்மா கையை ஆட்டினார். "அப்போ எனக்குத் தம்பிடா. நிக்க வச்சுப் பேசிக்கிட்டிருக்கீங்களே, உக்காரச் சொல்லுங்க."

சிவப்பு நாற்காலி தீர்ந்துபோனதால் கஞ்சிக் கடையிலிருந்து ஒரு நீல நாற்காலி வந்தது. வயதுப்படி நாலாவது இடம். மற்றவர்கள் எழுந்து ஒவ்வொரு நாற்காலி கீழே தள்ளி உட்கார்ந்தார்கள். ரூடி ஒன்பதாவதுக்குப் போனார். அதைப் பார்க்க ப்ரெபெனுக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

சாக்கின் மகள்தான் முதலில் வந்தாள். கிண்ணத்தைச் சாய்த்துக்கொண்டே "அண்..." என்று தொடங்கி, அப்பாவைப் பார்த்து, "தாத்தா" என்று முடித்தாள். அந்த வார்த்தை அவருக்கு நெஞ்சில் குத்தியது. பதினோரு வருடமாகச் சாயத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த வயது மொத்தமும் ஒரே நொடியில் வந்து ஏறிக்கொண்டது. ஆனாலும் மல்லிகைத் தண்ணீர் விரலிடுக்கில் சில்லென்று இறங்கியபோது, இந்த நாற்காலியை இனி யார் கேட்டாலும் கொடுப்பதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாறு பேர் வந்து போன பிறகு ரூடி எழுந்து கிண்ணத்தோடு வந்தார். தான் இளையவன், ஊற்ற வேண்டியது முறை என்று சைகையிலேயே சொல்லிவிட்டு மண்டி போட்டார். ப்ரெபெனுக்கு மனசு பொங்கியது. அந்தப் பூரிப்பில் வாய் பழக்கத்துக்குப் போய்விட்டது.

"ஆயுள், நிறம், சுகம், பலம்."

ரூடி தலையைத் தூக்கினார். விரல் மடக்கி எண்ணினார். பிறகு தன் கோணல் மொழியில், "நீங்க நாலு சொல்றது. எனக்கு மூணு சொல்லிக்குடுக்கறது" என்றார்.

சோம்ஜித் கையில் குடத்தோடு அப்படியே நின்றாள். வரிசையும் நின்றது. மறந்துவிட்டேன் என்று ப்ரெபென் சொல்லியிருக்கலாம். எழுபத்து மூன்று என்று இப்போதுதான் ஊருக்கே தெரிந்திருக்கிறது, யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆள் இன்னும் மண்டியிலேயே இருந்தார், கையை இன்னும் கூப்பியபடி.

"வேணும்னேதான் விட்டேன்" என்றார் ப்ரெபென், எல்லோருக்கும் கேட்கும்படி, பிறகு ரூடிக்காக ஆங்கிலத்திலும். "நாற்காலி எனக்கு வராம உங்களுக்கு வந்துச்சேன்னு வயித்தெரிச்சல். நீங்க சொல்லும்போது எல்லாரும் சிரிக்கணும்னு நெனச்சேன்."

ரூடி அவரைப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்ட அந்த முட்டியைப் பார்த்தார். அவர் தோள் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. எழுந்து, ஈரக் கையை அந்த முட்டிமேல் வைத்து, "பலம்" என்றார். பிறகு தன் நாற்காலிக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டு சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"எல்லாரும் திரும்ப வாங்க. பலம் குடுக்கல நான். பலம் வாங்கிட்டுப் போங்க."

சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. முன்பு வந்தவர்கள், வராதவர்கள், தெருவில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள், வாசனைப்பொடி அப்பிய முகத்தோடு வழிப்போக்கர்கள் என்று எல்லோரும் போய் ஒன்பதாவது நாற்காலி முன்னால் நின்றுவிட்டார்கள். வரிசை கஞ்சிக் கடைவரை நீண்டது. நாயும் அங்கேதான் போய்ப் படுத்தது. நாலாவது நாற்காலி முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை.

ப்ரெபென் ஈரக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிசையை எண்ணினார். முப்பத்தொன்று. கழுத்தை நீட்டி இன்னொரு தரம் எண்ணினார். சோம்ஜித் குடத்தை இடுப்பில் வைத்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன பெரியப்பா, மறுபடியும் புகையுதா?"

பெரியப்பா என்றதை அவர் இந்தத் தடவை திருத்தவில்லை.

"அதுல ஒரு நாலு பேர இந்தப் பக்கம் அனுப்பேன் ஜித்" என்றார்.