குதிரையை உருட்டிய நிஞ்சா

நான் வாசல் படலையைத் திறந்தால் ஒரு மைல் தள்ளி அடம்பன் சந்தியில் நாய் குரைக்கும் என்பது என் மனைவியின் கணிப்பு. மிகைதான், ஆனால் அதிகமில்லை. வைக்கோல் போர் ஒன்றுக்கு இடுப்பில் சாரம் உடுத்திவிட்ட மாதிரி இருப்பேன். இருமினால் தகரக் கூரை அதிரும். இப்படிப்பட்ட நான்தான், சண்டை முடிந்து ஊரில் மீள்குடியேறிய புதிதில், ஓசையே இல்லாமல் நடமாடும் ஒரு நிஞ்சாவை உருவாக்கினேன்.

காரணம் மச்சான், மனைவியின் தம்பி. சண்டை எங்கள் பக்கம் நெருங்கியபோது மீசை அரும்பும் வயதில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், முகாமில் இருந்து கல்லூரியும் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். அவனுடைய பெட்டிக்குள் விடுதியில் பழகிய ஒரு விளையாட்டின் போட்டோ கொப்பி எடுத்த விதிப் புத்தகமும் இருபது பக்கமுள்ள ஒரு தாயக்கட்டையும் இருந்தன. அந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது. ஒருவர் ராசா காலத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைக் கடதாசியில் உண்டாக்கி, அதன் திறமைகளுக்குப் புள்ளிகளைப் பங்கிட்டு, கதைக்குள் அந்த ஆளாகவே நடக்க வேண்டும். துணிச்சலான காரியம் எதையும் செய்யப் பார்த்தால் கட்டையை எறிய வேண்டும். அது சொல்வதுதான் தீர்ப்பு.

ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வேப்பமரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு விளையாடினோம். மனைவி தொடக்கத்திலேயே ஒரு பரியாரியம்மாவை உண்டாக்கினாள். மூலிகை தெரிந்தவள், காயம் ஆற்றுபவள். மாதக் கணக்காக அவளை வளர்த்தாள். நானோ முதலில் ஒரு மல்லனைச் செய்தேன், பாலம் உடைந்து செத்தான். பிறகு ஒரு மந்திரவாதி, தன் மந்திரத்தாலேயே எரிந்துபோனான். மூன்றாவதாகத்தான் நிஞ்சா.

"பேச்சுத் திறமைக்கு ஒண்டும் போடேல்லையே, அத்தான்?" என்று கடதாசியைப் பார்த்துக் கேட்டான் மச்சான்.

"நிஞ்சா என்னத்துக்குக் கதைக்கிறான்? முழுப் புள்ளியையும் மறைவுக்குப் போடு. பூனைக்குக்கூடக் கேக்கக்கூடாது."

"இவர் கதைக்காமல் இருக்கிறதோ?" மனைவி வானத்தைப் பார்த்தாள். "அதுக்கு முந்தின மந்திரவாதியே பரவாயில்லை."

கறுப்பு உடுப்பு, கறுப்பு முகமூடி, பஞ்சடைத்த செருப்பு, மதில் ஏறக் கொக்கி வைத்த கயிறு என்று எல்லாம் வாங்கிக் கொடுத்தேன் அவனுக்கு. உண்மையில் எனக்கு அவன்மேல் பொறாமை. ஒருவர் கண்ணிலும் படாமல் ஒரு வழியால் போய் வருவது எப்படியிருக்கும் என்று அறிய ஆசையாக இருந்தது.

நிஞ்சாவின் முதல் வேலையே பெரிய வேலையாக அமைந்தது. முந்தின ஞாயிறு பரியாரியம்மா கொடிய ராசா ஒருவனின் ஆட்களிடம் பிடிபட்டிருந்தாள். பொழுதுபடுமுன் மீட்காவிட்டால் கொன்றுவிடுவார்கள்.

"செத்தால் வேற ஒண்டு செய்யலாம் அக்கா" என்றான் மச்சான்.

"நான் செய்யமாட்டன்." அவள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே சொன்னாள். "வீட்டை விட்டிட்டு வந்தாச்சு, பெட்டியை விட்டிட்டு வந்தாச்சு, கடைசியிலை சட்டி பானையையும் விட்டிட்டு வந்தாச்சு. திருப்பித் திருப்பி முதலிலையிருந்து தொடங்க எனக்கு ஏலாது. இவள் செத்தால் நீங்கள் ரெண்டு பேரும் விளையாடுங்கோ, நான் வரமாட்டன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முறம் நின்றுவிட்டது. நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மச்சான் குரலைத் தாழ்த்தினான். "காட்டுப் பாதை. குதிரையிலை வாறீங்கள். தூரத்திலை கோட்டை வாசல் தெரியுது. அதிலை ஆயுதத்தோடை ஒரு காவல்காரன். உங்களை இன்னும் காணேல்லை. என்ன செய்யிறீங்கள்?"

யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது: "இறங்கி உருட்டிக்கொண்டு போறன்."

"எதை உருட்டுறீங்கள்?"

"குதிரையை."

மச்சான் புத்தகத்தைப் பார்த்தான், குதிரையை உருட்டுவதற்கு விதி இருக்கிறதா என்று. அதற்குள் நான் அடுத்ததையும் சொல்லிவிட்டேன். "முகமூடியைக் கழட்டுறன். அடையாள அட்டையைக் கையிலை எடுக்கிறன்."

"அத்தான்! நீங்கள் நிஞ்சா! அவன் உங்களைக் காணேல்லை எண்டு சொல்லுறன்! ஏன் இறங்கினனீங்கள்?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. சோதனைச் சாவடியில் ஆயுதத்தோடு ஒருவன் நின்றால் சைக்கிளால் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அட்டையை எடுத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி நடப்பதுதான் எங்களுக்கு வழக்கம். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவனுக்கு அது மறந்துபோயிருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நானெண்டாலும் இறங்கித்தான் இருப்பன்" என்றாள்.

மச்சான் இரங்கவில்லை. கதை சொல்பவன் இரங்கக்கூடாதாம். அவனுடைய காவல்காரன் குறிபார்க்கும் துவக்கைப்போல ஈட்டியை நீட்டி, "எங்கை போறாய்?" என்று கேட்டான். பூனைக்கும் கேட்காத என் நிஞ்சா, முகமூடியும் இல்லாமல், ஒரு கையில் குதிரையும் மறு கையில் அடையாள அட்டையுமாக நடுவெயிலில் நின்றான். மறைவுப் புள்ளிகள் அவ்வளவும் பழுது. இருந்தது வாய் மட்டும். அதற்கு ஒரு புள்ளியும் போடவில்லை.

"ஐயா, மாட்டைக் காணேல்லை" என்றேன்.

மனைவி குபீரென்று சிரித்தாள். திரும்பி வந்த புதிதில் ஊரே மாடு தேடியது. சண்டையில் நாங்கள் அவிழ்த்துவிட்டு ஓடிய மாடுகள் பற்றைக் காடுகளில் பெருகித் திரிந்தன. மாடு தேடுகிறோம் என்று சொன்னால் சாவடிக் காவல்காரர் பலர் மறிக்கமாட்டார்கள், சிலர் கைகாட்டி வழியும் சொல்வார்கள்.

"என்ன மாடு?" காவல்காரன் விடவில்லை. "அடையாளம் சொல்லு. சரியாய்ச் சொல்லாட்டி உன்னையும் உள்ளுக்குப் போடுவன்."

எனக்கு நெல்லும் தெரியும், உழவு இயந்திரமும் தெரியும். மாட்டில் கொம்பும் வாலும் எந்தெந்தப் பக்கம் என்பதற்கு மேல் தெரியாது. "நாலு கால்..." என்று தொடங்கினேன்.

"மயிலைப் பசு" என்றாள் மனைவி. அவள் சிறைக்குள்ளிருந்து, அதாவது பக்கத்துக் கதிரையிலிருந்து, பேசினாள். "இடது கொம்பு உள்ளுக்கு வளைஞ்சிருக்கும். நெத்தியிலை வெள்ளைச் சுட்டி. பின்னந் தொடையிலை அப்பா வைச்ச குறி. வயித்திலை கண்டுக்குட்டி. ஓடேக்கை கயித்தை அறுத்து விட்டனான். கொஞ்சத் தூரம் எங்களுக்குப் பின்னாலை வந்தது."

வேப்பம்பழம் ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது. மச்சான் கட்டையைக் கையில் எடுத்தான், எறியவில்லை.

"வாலிலை கறுப்புக் குஞ்சமோ?" என்று கேட்டான். அது காவல்காரனின் குரல் இல்லை. "நான் போகேக்கை அது கண்டுக்குட்டி."

"ஓமடா. அதுதான்."

அவன் கட்டையைப் புத்தகத்தின்மேல் மெதுவாக வைத்தான். "சரி. காவல்காரன் வாசலைத் திறக்கிறான். மாட்டுக்காரியும் வந்து அடையாளம் காட்டட்டும் எண்டு பரியாரியம்மாவையும் வெளியிலை விடுறான். தானும் கூட வாறானாம்."

வென்றுவிட்டோம். காட்டின் முதல் வளைவில் நான் காவல்காரனுக்குத் தெரியாமல் மனைவிக்குக் கண்ணைக் காட்டினேன். குதிரை இருக்கிறது, பொழுதும் இருக்கிறது, ஏறி ஓடுவோம் என்று.

"பொறுங்கோ" என்றாள் அவள். "வந்தது வந்தாச்சு. மாட்டைப் பாத்திட்டுப் போவம்."

ஆகவே அந்தப் பின்னேரம் முழுவதும் காவல்காரன் ஒரு பக்கம், பரியாரியம்மா ஒரு பக்கமாக ராசாவின் காட்டைச் சல்லடை போட்டோம். ஓசையில்லாமல் நடக்கப் பிறந்த என் நிஞ்சா, அவர்களுக்கு நடுவில், தொண்டை கிழிய மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனான்.